ஒரு கை பார்த்துவிடலாம்

முதலில் கேட்டது ஒரே ஒரு சொடக்கு. விரலை மடக்கி இழுத்தால் மூட்டில் வருமே, அந்த ‘டக்’. வீட்டில் அவனைத் தவிர வேறு ஆள் கிடையாது. அவனுடைய இரண்டு கைகளும் போர்வைக்குள் சும்மா கிடந்தன. சத்தம் மீன்தொட்டிப் பக்கமிருந்து வந்தது.

வெளியே பட்டப்பகல். பள்ளி வேன் ஒன்று ஹாரன் அடித்தபடி போயிற்று, மாடி வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். இந்தக் கூடத்தில் மட்டும் கும்மிருட்டு. ஆஸ்பத்திரியில் விடிய விடிய எக்ஸ்ரே எடுத்துவிட்டுக் காலையில் வந்து படுப்பவன் என்பதால், ஜன்னல்களுக்கு இரட்டை மடிப்புக் கறுப்புத் துணியில் திரை தைத்துப் போட்டிருந்தான். தொட்டிக்கும் அதே கணக்குதான். அவன் விழித்திருக்கும் நேரத்தில் தொட்டி விளக்கு எரியும். அவன் படுத்தால் அதற்கும் ராத்திரி. இருட்டறையில் பிலிம் கழுவிய காலத்துச் சிவப்பு பல்ப் ஒன்றை ஆஸ்பத்திரியில் தூக்கிப் போட்டபோது வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தான். அது மட்டும் மூலையில் மினுங்கிக்கொண்டிருக்கும். சிவப்பு வெளிச்சம் தண்ணீருக்குள் இருப்பவற்றின் கண்ணுக்குத் தெரியாது என்று தொட்டிக் கடைக்காரர் சொல்லியிருந்தார்.

படுத்தபடியே காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். பம்பின் ஒரே சீரான முனகல், நுரை வடிகட்டியில் குமிழிகள் உடையும் கொறகொறப்பு, கண்ணாடி விளிம்பில் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும் உப்பின் வாடை, அதற்கும் அடியில், ஈரத்துணியை மடித்து வைத்து மறந்துபோன மாதிரி இன்னொரு வாடை. மறுபடி ஒரு ‘டக்’. தண்ணீர் ஒருமுறை தளும்பி அடங்கிற்று. பம்பில் ஏதோ கோளாறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தூங்கிப்போனான். சாயங்காலம் தொட்டி விளக்கைப் போட்டுவிட்டு எண்ணிப் பார்த்தான். ஐந்து மீன்களில் நான்குதான் இருந்தன.

மீன் என்றால் வெறும் மீன் இல்லை. அந்த ஐந்தும்தான் அவனையும் அவன் மகளையும் இன்னும் சேர்த்து வைத்திருந்தன. அவனும் மனைவியும் பிரிந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மகள் வருவாள். எட்டு வயது. வாய் ஓயாமல் பேசுவதால் அவன் வைத்த பெயர் சில்வண்டு. ஊரில் இருப்பவர்களின் எலும்பையெல்லாம் உள்ளே புகுந்து பார்ப்பவனுக்குத் தன் பெண்ணிடம் என்ன பேசுவது என்று தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்து வேடிக்கை பார்க்க ஏதாவது வேண்டும் என்றுதான் இந்த உப்புநீர்த் தொட்டியை வாங்கிப் போட்டான். அது வேலை செய்தது. ‘எங்க அப்பா வீட்டுல மத்தியானம்தான் ராத்திரி, அப்போ மீனெல்லாம் கண்ணைத் தொறந்துட்டே தூங்கும்’ என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

அவள் கண்டுபிடித்த விளையாட்டு ஒன்று உண்டு. அப்பாவின் இடது கையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு விரலாகச் சொடக்கு எடுப்பாள். கட்டை விரல், எல்லா மீனையும் விரட்டிக்கொண்டே திரியும் சட்டாம்பிள்ளை. ஆள்காட்டி விரல் தூங்குமூஞ்சி. நடுவிரல் நெட்டைக்கொக்கு. மோதிர விரல் மாப்பிள்ளை. சுண்டு விரல், கட்டைவிரல் நகம் அளவே இருக்கும் மஞ்சள் குட்டி. அதற்குப் பெயர் பொட்டு, அவளுடைய செல்லம். ஐந்தும் ‘டக், டக்’ என்று வந்துவிட்டால் எல்லாரும் ஆஜர் என்று அர்த்தம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

“சட்டாம்பிள்ளை எங்கப்பா?”

“கல்லுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கும் கண்ணு.”

அவள் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவன் கையை எடுத்துக் கட்டை விரலை விட்டுவிட்டு மற்ற நான்கிலும் சொடக்கு எடுத்தாள். “அதுல வராதுப்பா. அது செத்துப்போச்சு” என்றாள்.

அடுத்தடுத்து தூங்குமூஞ்சி போயிற்று, நெட்டைக்கொக்கு போயிற்று, மாப்பிள்ளையும் போய்விட்டது. ஒரு செதில்கூட மிச்சமில்லை. ஒவ்வொரு முறையும் பகல் இருட்டில் அந்த ஒற்றைச் சொடக்கு. விளக்கைப் போட்டால் மணல் மட்டும் புதிதாகப் பெருக்கின மாதிரி வழவழவென்று இருக்கும். ஒவ்வொரு ஞாயிறும் மகள் தொடும் விரல்கள் குறைந்துகொண்டே வந்தன. போகப்போக வாயாடுவதும் குறைந்தது. கடைசியில் சுண்டு விரல் ஒன்றை மட்டும் இழுத்துவிட்டு, வீட்டுக்கு எப்போது போகலாம் என்று கேட்டாள்.

தொட்டிக் கடைக்காரரிடம் போய் நின்றான். மீன் வாங்கிய அன்று ஒரு கடல்கல்லைச் சும்மா தூக்கிக் கொடுத்தவர் அவர்தான். ‘ஓசியாவே எடுத்துட்டுப் போங்க சார், குழந்தைக்கு’ என்று சொல்லியிருந்தார்.

“கல்லுக்குள்ள ஒட்டிக்கிட்டு வந்திருக்கும் சார்” என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல். “கடல்ல இருந்து கல்லை எடுக்கும்போது ஓட்டைக்குள்ள என்னென்னமோ உக்காந்திருக்கும். டிக்கெட் வாங்காத பயணி. உங்களுக்கு வந்திருக்கிறது புழு. நீளப் புழு. வெளிச்சத்துல ஓட்டையை விட்டு வெளிய வராது. இருட்டுல தலையை மட்டும் நீட்டிக்கிட்டுக் காத்திருக்கும்.”

“என்ன பண்ணணும்?”

“ஒண்ணும் பிரமாதம் இல்ல. கல்லைத் தூக்கி வெயில்ல போட்டுடுங்க. காய்ஞ்சு தானா செத்துடும். ஒண்ணே ஒண்ணு சார், அதை வெட்டிடாதீங்க. வெட்டினா சாகாது. ரெண்டாயிடும்.”

தானா செத்துடும் என்ற வார்த்தை அவனுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வரும் ஞாயிறு கழியட்டும், திங்கட்கிழமை கல்லை எடுத்துவிடுவது என்று முடிவு செய்தான். தொட்டியைக் கலைத்துப் போட்டு வைத்தால் ஞாயிற்றுக்கிழமை மகள் எதைப் பார்ப்பாள்?

அந்த ஞாயிறு மத்தியானம் அவளுடைய அலறல்தான் அவனை எழுப்பியது.

சிவப்பு வெளிச்சத்தில் அவள் தொட்டிக்கு முன்னால் மண்டியிட்டிருந்தாள், நெற்றி கண்ணாடியில் ஒட்டியிருந்தது. அந்தப் பக்கம், அவள் கண்ணுக்கு நேர் எதிரே, பொட்டின் பாதி உடம்பு ஒரு ஓட்டைக்குள் போய்க்கொண்டிருந்தது. அவசரமே இல்லை. கொஞ்சம் உள்ளே, கொஞ்சம் நிறுத்தி, இன்னும் கொஞ்சம் உள்ளே. வால் மட்டும் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

அன்று ராத்திரி அவன் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது மகளின் அம்மா போன் செய்தாள்.

“இனிமே அவ வரமாட்டாளாம். சாப்பிடக்கூட இல்ல. அது என்னைப் பார்த்துச்சும்மான்னு சொல்லிச் சொல்லி அழறா. நான் கட்டாயப்படுத்தப் போறதில்ல.”

“ஒரு கை பார்த்துடறேன்” என்றான் அவன்.

“யாரை?”

“அந்தப் புழுவை.”

“நான் பொண்ணைப் பத்திப் பேசறேன். நீங்க புழுவைப் பத்திப் பேசறீங்க” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. மறப்பது என்பது அவன் சுபாவத்திலேயே கிடையாது. எப்போதோ தன் ஸ்கூட்டரில் கோடு கிழித்துவிட்டுப் போன பக்கத்து வீட்டுக்காரருக்கு இன்றுவரை அவன் பதில் வணக்கம் வைத்ததில்லை. மனைவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் தாண்டும்போது எந்தக் காலை முதலில் வைத்தாள் என்பதுகூட அவனுக்கு ஞாபகம் இருந்தது. அதையெல்லாம் எங்கே போய்க் கொட்டுவது என்று தெரியாமல் கிடந்தவனுக்கு இப்போது ஒரு இடம் கிடைத்துவிட்டது. முழ நீளத்தில், ஒரு கல்லின் ஓட்டைக்குள்.

கல்லை வெயிலில் போடலாம். அது ஓட்டைக்குள்ளேயே சுருண்டு, யாருக்கும் தெரியாமல், தூங்குகிற மாதிரி செத்துப்போகும். அது எப்படி? பொட்டு அப்படியா செத்தது?

ஆஸ்பத்திரியிலிருந்து நுனி வளைந்த நீண்ட இடுக்கி ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தான். கசாப்புக் கடையில் ஒரு துண்டு மாமிசம் வாங்கி நூலில் கட்டினான். தொட்டி விளக்கை அணைத்து, சிவப்பு பல்பைப் பக்கத்தில் இழுத்து வைத்து, இடது கையில் நூலும் வலது கையில் இடுக்கியுமாகத் தண்ணீருக்கு மேல் குனிந்து உட்கார்ந்தான். அவனுக்குத் தெரிந்த தொழிலே அசையாமல் இருக்கச் சொல்வதுதான். அசையாதீங்க. மூச்சைப் பிடிங்க. ஒவ்வொரு ராத்திரியும் எத்தனையோ பேரிடம் சொன்னதை இப்போது தனக்கே சொல்லிக்கொண்டான்.

முழங்கை மரத்துப்போனது. கழுத்தில் வியர்வை இறங்கிக் காதுமடலில் தொங்கியது. பம்பை நிறுத்தியிருந்ததால் கூடத்தில் இதுவரை கேட்காத சத்தங்களெல்லாம் கேட்டன; சுவர்க் கடிகாரத்தின் உள்ளே ஏதோ உராயும் சத்தம், அடுத்த தெருவில் யாரோ துணி துவைத்து அடிக்கும் சத்தம், அவனுடைய சொந்த எச்சில் தொண்டையில் இறங்கும் சத்தம். பிறகு ஓட்டையின் இருட்டு கொஞ்சம் தடித்தது. மெல்லிய உணர்கொம்புகள் வந்தன, ஒன்று, இரண்டு, ஐந்து. தண்ணீரைத் தடவிப் பார்த்தன. பின்னால் தலை. பக்கவாட்டில் விரிந்த தாடை, கத்தரிக்கோலைத் திறந்து வைத்த மாதிரி. உடம்பு கணுக் கணுவாக நீண்டது.

இன்னும் ஒரு கணு. இன்னும் ஒன்று.

பிடித்தான்.

அது இழுத்த இழுப்பில் முழங்கை வரை தண்ணீருக்குள் போயிற்று. அவன் விடவில்லை. கல் உருண்டது. மணல் கலங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு சீராக, அறுந்துவிடாமல் இழுத்தான். வந்தது. வந்துகொண்டே இருந்தது. முழுசாக வந்துவிட்டது.

சமையலறைப் பலகையில் அதைப் போட்டு விளக்கைப் போட்டபோது உண்மையில் அது அழகாக இருந்தது. மழைத் தண்ணீரில் பெட்ரோல் சிந்தினாற்போல் உடம்பு முழுக்க நிறம் நிறமாக ஓடியது. ஒவ்வொரு கணுவிலும் இரண்டு பக்கமும் மெல்லிய முடி, கண்ணாடி இழை மாதிரி. அவன் கத்தியை எடுத்தான். கடைக்காரர் சொன்னது ஞாபகம் இல்லாமல் இல்லை. மறதிதான் அவனுக்குக் கிடையாதே. ஞாபகத்தோடுதான் வெட்டினான்.

“இது சட்டாம்பிள்ளைக்கு.”

“இது தூங்குமூஞ்சிக்கு.”

நாலு வெட்டு, ஐந்து துண்டு. கடைசித் துண்டைப் பொட்டின் பெயரைச் சொல்லித் தனியாக நகர்த்தி வைத்தான். ஐந்தும் நெளிந்தன. கையில் போட்டிருந்த ரப்பர் உறை எங்கோ கிழிந்து விரல் நுனியெல்லாம் சுருக் சுருக்கென்றது. அதுவும்கூட அவனுக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

தூக்கி எறிந்திருக்கலாம். எறியவில்லை. அகன்ற வாய் கொண்ட ஊறுகாய் பாட்டிலில் தொட்டித் தண்ணீரை ஊற்றி ஐந்தையும் அதில் போட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்தான். தினமும் வேலை முடிந்து வந்ததும் கை கால்கூடக் கழுவாமல் எதிரே உட்காருவான். உப்புத் தண்ணீரில் பிறந்ததற்கு நல்ல தண்ணீர் ஆகாது என்பது அவனுக்குத் தெரியும். ஒரு ஸ்பூன் குழாய்த் தண்ணீரை எடுத்து மெதுவாக, ஒவ்வொரு சொட்டாக விடுவான். ஐந்தும் துடிக்கும். அடங்கியதும் விரலை விட்டுக் கிளறிவிடுவான். இன்னொரு சொட்டு. காப்பி ஆறிப்போகும் வரை இதே வேலை. இத்தனை நிம்மதியாக அவன் உட்கார்ந்து வருடக்கணக்காகியிருந்தது.

அவை சாகவில்லை. வெட்டுப்பட்ட முனைகள் முதலில் மூடிக்கொண்டன. பிறகு அங்கே அரிசி நொய் அளவு வெள்ளையாக ஏதோ முளைவிட்டது. அவன் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். ஒவ்வொரு முளையிலும் ஐந்து சின்ன மயிரிழைகள். சொட்டு விடும்போது இப்போது அவை துடிக்கவில்லை. எல்லாமும் ஒரே பக்கமாகத் திரும்பிக்கொண்டன. அவன் இருந்த பக்கம்.

அன்று ஆஸ்பத்திரியில் ஒரு பஸ் விபத்து. விடிய விடிய உட்காரக்கூட நேரமில்லை. காலையில் வந்தவன் பாட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து, மூடியைத் திறந்து, இடது கை விரல்களை உள்ளே விட்டுக் கிளறியபடியே மேசையில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனான்.

எழுந்தபோது இருட்டாக இருந்தது. கை இன்னும் பாட்டிலுக்குள்ளேயே இருந்தது. தண்ணீர் மட்டும் இருந்தது.

தரையில் தேடினான். மேசைக்கு அடியில், சுவர் ஓரத்தில், செருப்புக்குள் எல்லாம் தேடினான். சட்டையைக் கழற்றி உதறினான். எங்கும் ஈரம்கூட இல்லை. கையைத் தூக்கிச் சிவப்பு பல்பின் அருகே பார்த்தான். ஒவ்வொரு நகத்துக்கும் அடியில் ஊசி குத்தின மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி. வலி இல்லை. அழுத்திப் பார்த்தான். அப்போதும் வலி இல்லை.

வலி இல்லாததுதான் அவனைப் பயமுறுத்தியது. ஸ்கூட்டர் கைப்பிடியைப் பிடித்தால், தட்டில் கை வைத்தால், அந்த விரல்கள் யாருடையவோ மாதிரி இருந்தன. தூக்கத்தில் ஒரு சொடக்கு கேட்டு விழித்துக்கொண்டான். தொட்டிப் பக்கம் திரும்பினான். சத்தம் தொட்டியிலிருந்து வரவில்லை. போர்வைக்குள்ளிருந்து வந்தது.

ராத்திரி டியூட்டியில் கூட்டம் ஓய்ந்த நேரம் பார்த்து, தன் இடது கையைத் தானே மேசையில் விரித்து வைத்துவிட்டு, நர்ஸைக் கூப்பிட்டான்.

“சிஸ்டர், இந்தப் பட்டனை மட்டும் அமுக்குங்க.”

“என்ன சார், கையில அடியா?”

“சும்மா ஒரு கை பார்க்கணும்” என்றான். அவள் சிரித்தாள். அவனால் சிரிக்க முடியவில்லை.

திரையில் படம் வந்தது. விரல் எலும்புகள் அவனுக்கு மனப்பாடம். கட்டை விரலில் இரண்டு, மற்றவற்றில் மூன்று மூன்று. எண்ணினான். ஒவ்வொரு விரலிலும் எலும்பை ஒட்டியபடி இன்னொரு மெல்லிய வரி ஓடியது, கணுக் கணுவாக. விரல் நுனியில் அந்த வரி இரண்டாகப் பிரிந்து வெள்ளையாக முடிந்தது. கத்தரிக்கோலைத் திறந்து வைத்த மாதிரி.

“படம் ஆடிடுச்சு சார், நிழல் விழுந்திருக்கு” என்றாள் நர்ஸ். “எங்களை எல்லாம் அசையாதே அசையாதேன்னு உயிரை எடுப்பீங்க. நீங்களே கையை ஆட்டிட்டீங்க.”

இன்னொன்று எடுத்தார்கள். அவன் மூச்சைக்கூட விடவில்லை. இந்தப் படத்தில் வரிகள் வேறு இடத்தில் இருந்தன.

யாராக இருந்தாலும் அங்கேயே டாக்டரை எழுப்பியிருப்பார்கள். இரண்டு மாடி ஏறினால் அறுவை டாக்டர் தூங்கிக்கொண்டிருந்தார். அவன் படிக்கட்டு வரைக்கும் போனான். பயம்தான் அவனை அதுவரை தள்ளிக்கொண்டு வந்தது. ஆனால் பாதிப் படியிலேயே இன்னொன்று தலைதூக்கியது. டாக்டர் என்ன செய்வார்? கையை மரத்துப்போகச் செய்வார். வலிக்காமல் எடுப்பார். எடுத்து ஒரு தட்டில் போட்டுக் குப்பைக்கு அனுப்புவார். என் குழந்தையை என்னிடமிருந்து பிரித்ததுக்கு அவ்வளவுதானா?

திரும்பி இறங்கிவிட்டான். இரண்டு படங்களையும் அழித்துவிட்டான்.

வீட்டில் மாமிசத் துண்டை விரல் நுனியருகே வைத்துக்கொண்டு சிவப்பு வெளிச்சத்தில் காத்திருந்தான். வரவில்லை. மீன் துண்டு வைத்தான், இறால் வைத்தான். உள்ளே எதுவோ புரண்டு படுத்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். அவற்றுக்குப் பசியே இல்லை. எதை எதிர்பார்த்துக் காத்திருக்கின்றன என்று அவனுக்குப் புரியவில்லை.

இதற்கிடையில் மகளை விடவும் மனசில்லை. பொட்டு மாதிரியே ஒரு மஞ்சள் குட்டியை வாங்கித் தொட்டியில் விட்டான். கல்லை முன்பே வெயிலில் போட்டு உடைத்திருந்தான். போன் செய்து மகளிடம் கொடுக்கச் சொன்னான்.

“புழு செத்துடுச்சு கண்ணு. புதுப் பொட்டு வந்திருக்கு.”

“நிஜமா செத்துடுச்சா?”

“நிஜமா.”

“நீ பார்த்தியா?”

“தினமும் பார்த்துட்டுத்தான் இருந்தேன்” என்றான். அது பொய்யில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். அவன் இடது கையில் துணிக்கட்டுப் போட்டு மறைத்திருந்தான். புதுப் பொட்டைப் பார்த்ததும் பழைய சில்வண்டு திரும்பி வந்துவிட்டாள். தீனியை இரண்டு விரலால் கிள்ளிக் கிள்ளித் தண்ணீரில் தூவினாள், பள்ளிக்கூடத்துச் சண்டையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள், பாதியில் சிரித்தாள். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. இதற்காகத்தான் எல்லாம் என்று நினைத்துக்கொண்டான். நாளைக் காலையில் முதல் வேலையாக டாக்டரிடம் போய்விடுவது என்று அந்த நிமிஷம் நிஜமாகவே முடிவு செய்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு தொட்டிக்கு ராத்திரி வந்தது. திரையை இழுத்துவிட்டான். மெத்தையில் பக்கத்தில் படுத்தவள் அவன் கட்டைப் பிரித்துவிட்டாள்.

“கையில என்னப்பா? புண்ணே இல்லையே?”

“அதை விடு கண்ணு. இன்னிக்கு வேண்டாம்.”

அவள் விடவில்லை. சுண்டு விரலை இழுத்தாள். டக். மோதிர விரல். டக். ஒரு கணம் தயங்கி, நடுவிரல். டக். டக். டக். இருட்டில் அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

“அப்பா! அஞ்சும் வந்துடுச்சு! எல்லாரும் திரும்பி வந்துட்டாங்க!”

அவள் இழுத்ததனால் வந்த சத்தம் இல்லை அது. அவள் விரல் படுவதற்குக் கொஞ்சம் முன்பே வந்துவிட்டது.

பேசிக்கொண்டே அவள் தூங்கிப்போனாள். அவளுடைய கை அவன் இடது உள்ளங்கைக்குள் இருந்தது. சின்னக் கை, தீனி வாடை போகாத கை, வெதுவெதுப்பாக இருந்தது. அப்போதுதான் அவன் உணர்ந்தான். இத்தனை நாளாக அசையாமல் கிடந்த அத்தனையும் உள்ளே திரும்பிக்கொண்டிருந்தன. மணிக்கட்டிலிருந்து விரல் நுனியை நோக்கி. மெதுவாக.

கையை எடுக்க வேண்டும். எடுத்துவிட வேண்டும்.

சுண்டு விரல் நகத்தின் அடியிலிருந்து ஒரு மயிரிழை வந்தது. இரண்டு. ஐந்து. காற்றைத் தடவின. அவள் விரலைத் தொட்டன. தூக்கத்தில் அவள் லேசாகச் சிரித்தாள், கூச்சம் போல.

கையை எடு.

எடுத்தால் உள்ளே ஓடிவிடும். மறுபடி எப்போது வரும்? மாமிசத்துக்கு வரவில்லை, மீனுக்கு வரவில்லை. இதற்குத்தான் வந்திருக்கிறது. வலது கை தலையணைக்கு அடியில் போனது. இடுக்கி அங்கேதான் இருந்தது. அதை அங்கே வைத்ததாக அவனுக்கு ஞாபகமே இல்லை.

“அசையாதே” என்றான், மூச்சுக் காற்றில். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை.

தலை வெளியே வந்தது. தாடை விரிந்தது. ஒரு கணு. இந்த முறையும் அறுந்துவிடக் கூடாது. முழுசாக இழுக்க வேண்டும். இழுத்து அதை…

மோதிர விரல் நுனி லேசாக வீங்கியது.

நடுவிரலும். ஆள்காட்டி விரலும். கட்டை விரலும்.

சிவப்பு வெளிச்சத்தில் ஐந்து தலைகள். அவளுடைய சின்னக் கையைச் சுற்றி, அவசரமே இல்லாமல், ஐந்து தாடைகளும் விரிந்து நின்றன. அவனிடம் இருந்தது ஒரே ஒரு இடுக்கி. அவள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள், அப்பாவின் கையைப் பிடித்தபடி.

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

இன்னும் ஒரு கணு வெளியே வரட்டும். இன்னும் ஒரே ஒரு கணு.